துணைக்கு இருந்தவளைக் காவலுக்கு இருந்தவள் என்று எழுதியது பற்றி

அனுப்புநர்:
சு. கோகிலாம்பாள், எம்.ஏ., எல்.டி.,
தலைமையாசிரியை,
உறவின்முறைப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி,
வேப்பலூரணி, அருப்புக்கோட்டை வட்டம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள்துறை, தலைமைச் செயலகம்,
சென்னை-9.

பொருள்: வேப்பலூரணி காவல் நிலையத்தில் காவலரும் காவலரல்லாத பணியாளரும் போதாமை – 16.8.1974 அன்று பெத்தம்மாள் என்பவர் இறந்தது – நிலையத்தின் பகுதிநேரத் துப்புரவாளர் மாயக்காள் மீதுள்ள வழக்கைத் திரும்பப் பெறக் கோருதல்.

பார்வை: மாநிலம் முழுவதும் காவல் நிலையங்களில் பணியாளர் எண்ணிக்கை பற்றிக் கருத்துக் கேட்டுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அனுப்பப்பட்ட சுற்றறிக்கை.

மதிப்புக்குரிய ஐயா,

பார்வையில் கண்ட சுற்றறிக்கை எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஊரில் காவல் நிலையம் உள்ளதா, அதில் போதிய காவலர்கள் உள்ளனரா, காவலரல்லாத பணியாளர்கள் உள்ளனரா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று எழுதச் சொல்லியிருந்தது. முதல் கேள்விக்கு ஆம் என்று எழுதிவிட்டேன். மற்றவற்றுக்கு அந்தக் கட்டத்துக்குள் உண்மையை எழுத முடியவில்லை. ஆகவே தனியே எழுதுகிறேன். இதைத் தாங்கள் ஒரு புகாராகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1. முதலில் ஒன்றைத் தெரிவித்துவிடுகிறேன். இந்த நிகழ்ச்சி தொடங்கியது ஒரு திருட்டுப் புகாரில். புகார் கொடுத்தவர் என் உடன்பிறந்த தம்பி சங்கரபாண்டியன். அவருடைய பருத்திக் கிடங்கிலிருந்து சில பொதிகள் காணாமற்போயின. கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் மாரிச்சாமி என்பவர் மீது அவருக்குச் சந்தேகம். மாரிச்சாமியின் மனைவிதான் இறந்துபோன பெத்தம்மாள். என் தம்பி எங்கள் பள்ளிக் குழுவிலும் உறுப்பினர். இதையெல்லாம் வேறு யாராவது தங்களுக்கு எழுதித் தெரிவிப்பதற்கு முன் நானே சொல்வது முறை.

2. எங்கள் ஊர்க் காவல் நிலையம் பள்ளிக்கு அடுத்த மனை. இடையில் இருப்பது ஒரு சுவர். நான் இப்பள்ளிக்கு வந்த நாள்முதல் அந்த நிலையத்தைப் பார்த்துவருகிறேன். முகப்பில் ஒரு கரும்பலகை உண்டு. உதவி ஆய்வாளர் ஒருவர், தலைமைக் காவலர் இருவர், காவலர் பதினொருவர் என்று வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கும். அதை அழித்து எழுதி நான் பார்த்ததில்லை. ஆட்கள் மட்டும் அழிந்துகொண்டே இருப்பார்கள். ஒருவர் மதுரையில் ஓர் அதிகாரியின் வீட்டில் இருப்பார். ஒருவர் நீதிமன்றத்துக்குப் போயிருப்பார். இருவர் கைதியைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருப்பார்கள். மற்றவர்கள் திருவிழாவுக்கோ, பொதுக்கூட்டத்துக்கோ, மந்திரி வருகைக்கோ பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். இவர்கள் எல்லாரும் பலகையில் இருப்பவர்களே. மாநிலத்தில் இத்தனை பேருக்கு ஒரு காவலர் என்று கணக்கெடுப்பவர்கள் பலகையைப் பார்த்து எடுக்கிறார்கள் என்று கருதுகிறேன்.

நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இது பற்றி ஒரு பேச்சு உண்டு. "ஏலே, நம்ம ஸ்டேஷன்ல போலீசு எத்தன பேரு?" என்று ஒருவர் கேட்பார். "போர்டுல பதினொண்ணு, பாரால ஒண்ணு" என்று இன்னொருவர் சொல்வார். பாரா என்பது வாசலில் நிற்கும் காவலரின் முறை. நிலையத்தில் சில துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றை விட்டுப் பாராக் காவலர் நகரக்கூடாது என்பது விதி. ஆகவே ஒரே ஒரு காவலர் இருக்கும் நாளில் அவர் பாதுகாப்பது துப்பாக்கிகளை. ஊரில் எது நடந்தாலும் அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். எங்கள் ஊரார் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சென்ற மாதத்துக்குப் பிறகு யாரும் சொல்வதில்லை.

3. காவலரல்லாத பணியாளர் என்று சுற்றறிக்கையில் கேட்டிருந்தீர்கள். எங்கள் நிலையத்தில் எழுத்தர் இல்லை; ஒரு காவலரே எழுதுகிறார். அவரையும் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டால் புகார் எழுத ஆளில்லை. சென்னையில் சென்ற ஆண்டு பெண் காவலர்கள் நியமிக்கப்பட்டதாகச் செய்தித்தாளில் படித்தேன். மகிழ்ச்சி. இங்கே அந்தச் செய்தித்தாள் மட்டும் வந்திருக்கிறது.

நிலையத்தில் இருக்கும் ஒரே பெண் மாயக்காள். வயது ஐம்பதைத் தாண்டியவர், கைம்பெண். காலையும் மாலையும் வந்து கூட்டிப் பெருக்கிப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் வேலை. நிரந்தரப் பணி கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பத்தை எழுதித் தந்தது நான்தான். அவர் சில்லறைச் செலவினத்தில் கூலி பெறுபவர் என்றும், அரசு ஊழியர் ஆகமாட்டார் என்றும் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலை மாயக்காள் இன்னும் மடித்து வைத்திருக்கிறார். அதன் நகலை இணைத்திருக்கிறேன். அந்த ஒரு வரி தங்களுக்குப் பின்னால் தேவைப்படும்.

நிலையத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவரும்போதெல்லாம், அவள் யாராக இருந்தாலும், மாயக்காளைத்தான் கூப்பிடுவார்கள். அவளைச் சோதனை போடுவதும், அவளோடு உட்கார்ந்திருப்பதும், அவளை வெளியே கூட்டிப்போய் வருவதும் மாயக்காள். இதற்கு உத்தரவு எதுவும் இல்லை. கூலியும் இல்லை. கூப்பிட்டால் வருவார்.

4. ஆகஸ்டு 15-ஆம் தேதி பெத்தம்மாளைக் கொண்டுவந்தார்கள். மாரிச்சாமி ஊரில் இல்லை. வேலை தேடிக் காரியாபட்டிப் பக்கம் போயிருந்தார். அவர் தானாக வந்து நிற்கும்வரை மனைவியை நிலையத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இது இங்கே வழக்கம்தான், யாரும் வியப்படையவில்லை. எம்.ரெட்டியபட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவளை, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லி, கையில் மண்ணோடு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். ஐந்து மாதக் கைக்குழந்தை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. குழந்தையை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவள் கேட்டதாகவும், பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டதாகவும் தோட்டத்தில் இருந்த பெண்கள் சொல்கிறார்கள்.

அன்று சாயங்காலமே உதவி ஆய்வாளரும் மற்றவர்களும் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் பந்தோபஸ்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. அந்தக் கூட்டத்துக்குக் காவலர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. விசாரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் போன பிறகும் விசாரிக்கப்பட வேண்டியவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பும் அதிகாரம் உள்ளவர் யாரும் அங்கே இல்லை. ஆண்டிச்சாமி என்ற காவலர் ஒருவர் பாராவில் இருந்தார். அவ்வளவுதான்.

5. ஆண்டிச்சாமி வயதில் இளையவர். ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு தனியே நிற்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது. பெருக்கிக்கொண்டிருந்த மாயக்காளைக் கூப்பிட்டு அவர் சொன்ன வார்த்தைகளை அவரும் மாயக்காளும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றே. இந்த வழக்கு முழுவதும் அந்த வார்த்தைகளில் இருப்பதால் அப்படியே எழுதுகிறேன்:

"ஆத்தா, வாரியலக் கீழ போடு. இந்தப் புள்ளைக்குத் தொணைக்கு இரு. நான் பாராவ விட்டு நகர முடியாது."

மாயக்காள் துணைக்கு இருந்தார். இரவும் அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். காலையில் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பெத்தம்மாளுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டிருந்தது. சுவரோரம் திரும்பி உட்கார்ந்து பிழிந்து விட்டுக்கொண்டே இருந்தாளாம். ஓர் அலுவலகத்துக்கு அனுப்பும் தாளில் இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சத்தினால்தான் அவளும் ஆண்டிச்சாமியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பது வேறு கேள்வி. நிலையத்தில் சீருடை அணிந்த பெண் ஒருத்தி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

6. வெள்ளிக்கிழமை பிற்பகல், ஒதுங்கப் போக வேண்டும் என்று பெத்தம்மாள் சொன்னாள். நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. நிலையத்துக்கும் பள்ளிக்கும் பின்னால் வேலிக்கருவை மண்டிய தரிசு இருக்கிறது. அதன் நடுவில் பாழடைந்த பாசனக் கிணறு ஒன்று, சுற்றுச்சுவர் இல்லாமல். இரண்டு ஆண்டுகளாக மழை இல்லாததால் அடியில் பாறை தெரியும். அந்தக் கிணற்றை மூடும்படி நான் பஞ்சாயத்துக்கு எழுதியிருக்கிறேன். அது இங்கே பொருட்டல்ல.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஒதுங்கப் போகும்போது துணைக்குப் போகிறவள் எப்படி நிற்பாள் என்பது தங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். சற்றுத் தள்ளி, முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரிய வேண்டும். அந்த வழியாக வரும் ஆண்களுக்கும் தெரிய வேண்டும். உள்ளே இருப்பவள் "ம்" கொட்டிக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்ப்பது பெரிய மரியாதைக் குறைவு. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண்களும் ஒருவருக்கொருவர் இப்படித்தான் நிற்கிறார்கள்.

மாயக்காள் அப்படித்தான் நின்றார். ஊரில் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாராம். பெத்தம்மாள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு "ம்" வரவில்லை.

7. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். மாயக்காளின் கூச்சல் கேட்டுப் பியூன் காளிராஜை அனுப்பிவிட்டு, பிள்ளைகளை ஜன்னலிலிருந்து நகரச் சொல்லிவிட்டு, நானும் போனேன். நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

மாயக்காள் கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்திருந்தார். ஒரு கையால் வேலிக்கருவைத் தூரைப் பிடித்திருந்தார். கை கிழிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் தலையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "தாயி, நான் இங்கினதான் இருக்கேன். எங்கயும் போகல. ஆளு வருது. பயப்படாத. இங்கினதான் இருக்கேன்." அவர் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் கீழேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அதை நான் கேட்டேன். காளிராஜும் கேட்டார். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்வோம்.

பள்ளிக் கிணற்றின் வடக்கயிற்றைக் கொண்டுவந்தோம். காளிராஜ் வயதானவர், இறங்க முடியவில்லை. ஊரில் ஆண்கள் பாதிப்பேர் இருக்கன்குடிக்குப் போயிருந்தார்கள். நிலைய வாசலிலிருந்து ஆண்டிச்சாமி சாலையில் போகிறவர்களைக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. போலீசு கூப்பிட்டால் எங்கள் ஊரில் யாரும் கிட்ட வருவதில்லை, விலகித்தான் போவார்கள். கடைசியில் அவர் துப்பாக்கிகளைத் தூக்கிக் கைதி அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். கயிற்றைப் பிடித்து இறங்கினார். பெத்தம்மாளைத் தோளில் கட்டிக்கொண்டு மேலே வந்தவரும் அவர்தான்.

நிலையத்தில் வண்டி இல்லை. என் தம்பியின் பருத்தி லாரி ஒன்று சாலையில் நின்றிருந்தது; அதில் ஏற்றினோம். மாயக்காளும் நானும் கூடப் போனோம். பாளையம்பட்டியைத் தாண்டும்போது பெத்தம்மாள் இறந்துவிட்டாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அதை எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் விழுந்தாளா, குதித்தாளா, வீட்டுக்கு ஓட நினைத்துக் காய்ச்சல் மயக்கத்தில் கால் தவறினாளா என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து யாருக்கும் தெரியாது. ஆனால் நிலைய அறிக்கையில் "குற்ற உணர்வால் தப்பியோடித் தற்கொலை செய்துகொண்டார்" என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் அன்று இருக்கன்குடியில் இருந்தார்.

8. மாரிச்சாமி செய்தி கேட்டு வந்தார். விசாரித்தார்கள், அவர் மீது எதுவும் நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். பொதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. பாராவை விட்டு நகர்ந்ததற்காகவும் அரசுத் துப்பாக்கிகளைக் காவலின்றி விட்டதற்காகவும் ஆண்டிச்சாமி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். காவலில் இருந்தவரைக் கவனக்குறைவால் தப்பவிட்டதாக மாயக்காள் மீது இந்தியத் தண்டனைச் சட்டம் 223-ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அன்று அங்கே இருந்தவர்கள் இருவர். இருவர் மீதும் நடவடிக்கை. இல்லாதவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

9. மாயக்காளின் வாக்குமூலம் எப்படி எழுதப்பட்டது என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விசாரிக்க வந்த வட்ட ஆய்வாளர் நேரில் கண்ட சாட்சி என்ற முறையில் என்னையும் அழைத்திருந்ததால் நான் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. பெத்தம்மாளுடன் இருந்தது நீதானா என்று கேட்டார். இருந்தேன் என்றார் மாயக்காள். "பின்ன ஏன் பாக்கல? அவ ஓடும்போது எங்க பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டார். மாயக்காள் சொன்னது இது:

"தொணைக்கு இருன்னாக, இருந்தேன் சாமி. ஒரு பொம்பள ஒதுங்கையில மூஞ்சியவா பாத்துக்கிட்டு நிப்பாக?"

அறையில் இருந்த காவலர்கள் சிரித்தார்கள். ஆய்வாளரும் சிரித்தார். பிறகு எழுதச் சொன்னார். "மேற்படி பெத்தம்மாளுக்குக் காவலாக நான் இருந்தேன். அவரை நான் சரிவரக் கண்காணிக்கவில்லை" என்று எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டாமலே ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். கிணற்றில் தலையை நீட்டி அவர் பேசிக்கொண்டிருந்தது பற்றியும் அதில் ஒரு வரி இருக்கிறது: "தகவல் தெரிவிக்காமல் கிணற்றருகே வீணே எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன்." கீழேயிருந்து வந்த "ம்" பற்றி நான் சொன்னது என் வாக்குமூலத்திலும் எழுதப்படவில்லை. அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

10. ஐயா, நான் முதுகலையில் படித்தது தமிழ். ஆகவே இந்த இரண்டு சொற்களைப் பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நினைக்கிறேன். காவல் இருப்பவர் ஒருவரைப் போகவிடாமல் இருக்கிறார். துணை இருப்பவர் ஒருவரை விட்டுப் போகாமல் இருக்கிறார். காவல் இருப்பவர் கண்ணை எடுக்கக்கூடாது. துணை இருப்பவர் சில நேரம் கண்ணை எடுத்தே ஆக வேண்டும். பிள்ளை பெறுகிறவளுக்கும், இழவு வீட்டில் தனியே இருப்பவளுக்கும், காய்ச்சலில் கிடப்பவளுக்கும் எங்கள் ஊரில் துணைக்கு ஆள் போகிறது. அவர்கள் யாரும் காவலுக்குப் போவதில்லை. ஆண்டிச்சாமி கேட்டது துணை. மாயக்காள் கொடுத்தது துணை. காவலர்கள் போதாததால் அந்தத் துணையைக் காவலாகக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

11. சட்டத்தை நான் படித்தவளல்ல. அருப்புக்கோட்டையில் உறவினரான வக்கீல் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.

223-ஆவது பிரிவு அரசு ஊழியருக்கு உரியது. மாயக்காள் அரசு ஊழியர் அல்ல என்று அரசே எழுத்தில் தெரிவித்திருக்கிறது. பணி கேட்டபோது அல்ல, குற்றம் சாட்டும்போது ஆம் என்று இருக்க முடியாது.

அந்தப் பிரிவின்படி, தப்பியவர் சட்டப்படி காவலில் வைக்கப்பட்டவராக இருக்க வேண்டும். பெத்தம்மாளைக் கைது செய்ததாக எங்கும் பதிவு இல்லை. அவர் "விசாரணைக்குத் தாமே வந்தார்" என்று நிலையத்தில் எழுதியிருக்கிறார்கள். தாமே வந்தவர் தாமே போகலாம். அவரைத் தப்பவிட்டதாக யார் மீதும் வழக்குப் போட முடியாது. இல்லை, அவர் காவலில்தான் இருந்தார் என்றால், காவலில் இருந்த ஒருவர் இறந்திருக்கிறார். இவ்வாண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி நடுவர் ஒருவர் அதை விசாரிக்க வேண்டும். அப்படி எந்த விசாரணையும் நடக்கவில்லை. அதே சட்டம், சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணை அவள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறதாம். துறையினர் இரண்டில் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

12. இந்த மனுவை எழுத வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. பள்ளிக் குழுச் செயலாளர் வீட்டுக்கு வந்து, பள்ளியின் மானியம் நிலுவையில் இருக்கும் நேரம் என்று நினைவூட்டினார். அது உண்மை. என் தம்பி தனியே வந்தார். "அக்கா, செத்தவ செத்துட்டா. ஸ்டேஷன் கூட்டுறவளுக்காக நீ எதுக்கு மெட்ராஸுக்கு எழுதிக்கிட்டு இருக்க? நாளைக்கு என் கடைக்குத் திருடன் வந்தா இவுககிட்டதானே நான் போகணும்" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. திருட்டுப் போனால் அவர் போக வேண்டிய இடம் அதுதான். அங்கே ஆள் இருக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன்.

மனு எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வயது எனக்கு இல்லை. இது தங்கள் கைக்கு வருமுன் எத்தனை மேசைகளில் தங்கும் என்பதும் ஒருவாறு தெரியும்.

13. எழுதுவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சென்ற வாரம், ஒன்று நடந்தது. கள்ளச்சாராயம் விற்றதாகச் சொல்லி மற்றொரு பெண்ணை நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாயக்காளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதால் கூப்பிட ஆள் இல்லை. ஒரு காவலர் பள்ளிக்கு வந்தார். நல்ல பிள்ளை, தயங்கித்தான் கேட்டார். "டீச்சரம்மா, பள்ளிக்கூடத்து ஆயாவக் கொஞ்சம் அனுப்பி வைங்க. ஒரு பொம்பளைக்குத் தொணைக்கு இருக்கணும்."

ஆயாவை நான் அனுப்பவில்லை. நானே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் இங்கே துணைக்கு இருக்கிறேனா, காவலுக்கு இருக்கிறேனா என்பதைத் தெரிவிக்கும்படி ஒரு தாளில் எழுதி உதவி ஆய்வாளரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் தாளுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

14. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாயக்காள் மீதுள்ள வழக்கைத் திரும்பப் பெற உத்தரவிட வேண்டும். அவரை மீண்டும் வேலையில் சேர்த்து, பெருக்குவதைத் தவிர வேறு எதற்கும் அழைக்கக்கூடாது என்றும் எழுத வேண்டும். பெத்தம்மாள் இறந்தது பற்றி, காவல் துறையைச் சாராத நடுவர் ஒருவர் விசாரிக்க வேண்டும். மாயக்காளின் பேச்சுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வந்த பதில் அந்த விசாரணையிலாவது எழுதிக்கொள்ளப்பட வேண்டும். ஆண்டிச்சாமி துப்பாக்கிகளை விட்டு நகர்ந்ததை மட்டும் பார்க்காமல், எதற்காக நகர்ந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மாநிலம் முழுவதற்கும் கணக்கெடுக்கும்போது, பலகையில் இருக்கும் எண்ணிக்கையை விட்டு, ஒரு சாதாரண நாளில் நிலையத்துக்குள் நிற்பவர்களை எண்ணச் சொல்ல வேண்டும். எழுத்தர் இல்லாத நிலையங்களுக்கு எழுத்தரும், பெண்களைக் கொண்டுவரும் நிலையங்களுக்குப் பெண் காவலரும் தர வேண்டும். தர முடியாத காலம்வரை, பெண்களை அங்கே கொண்டுவராமல் இருக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.

15. இதில் அவசரம் என்னவென்று கேட்கலாம். வழக்கு அக்டோபர் 14-ஆம் தேதி அருப்புக்கோட்டை நீதிமன்றத்தில் எடுக்கப்படுகிறது. மாயக்காளுக்கு ஜாமீன் கொடுத்திருப்பவள் நான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நடுவர் கேட்பார், என்ன சொல்வாய் என்று அவரிடம் கேட்டேன்.

"விட்டுட்டேன்னுதான் சொல்லணும் டீச்சரம்மா. எங்கூட வந்த புள்ளைய நான் திருப்பிக் கொண்டாரலயே" என்றார்.

நீதிமன்றத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்று விளக்கினேன். சிறை என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் மீண்டும் கேட்டபோது அதையே சொன்னார். வக்கீல் சொல்லியும் அதையேதான் சொல்கிறார். பொய் சொல்லச் சொல்லி என்னால் அவரை வற்புறுத்த முடியவில்லை. அவர் சொல்வது பொய்யும் அல்ல. நடுவர் அதைக் குற்ற ஒப்புதல் என்று எழுதிக்கொள்வார். வேறு எப்படியும் எழுத அவருக்கு வழியில்லை. அந்தக் கேள்வி மாயக்காளிடம் கேட்கப்படுவதற்கு முன்பு தங்கள் உத்தரவு அருப்புக்கோட்டைக்கு வந்து சேர வேண்டும்.

இதில் எழுதியுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்று,

(ஒப்பம்) சு. கோகிலாம்பாள்

இடம்: வேப்பலூரணி
நாள்: 20.9.1974

இணைப்பு: மாயக்காளின் விண்ணப்பத்துக்கு வந்த பதிலின் நகல்.
நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், இராமநாதபுரம் மாவட்டம்.